வரப்பைத் தாண்டக் கூடாத தண்ணீர்

ஏழையைப் பார்க்க வேண்டுமானால் வெயிலில் நடக்க வேண்டும். ஏழ்மையைப் பார்ப்பதற்குத் தில்லை நகர் வரை போனால் போதும். அங்கே ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், குளிரூட்டப்பட்ட அறையில், சுவர் முழுக்க வண்ணப்படங்களாக அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாடிக்குப் 'பசுந்தடம் நீடித்த வாழ்வாதார நடுவம்' என்று பெயர்.

நடுவம் ஒருநாளும் உழுததில்லை; உழவைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியிருக்கிறது. ஒரு முழம் நெய்ததில்லை. கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் கைத்தறித் துண்டு போர்த்தியிருக்கிறது. அதன் இயக்குநர் முனைவர் வளவன் எளிமைக்குப் பேர்போனவர். கதர்ச் சட்டையும் சணல் பையும் தவிர வேறெதுவும் கொள்ளாதவர். அந்தச் சணல் பையைக் காரிலிருந்து மாடிக்குத் தூக்கிவர ஓர் ஓட்டுநர் இருந்தார்.

இப்படிப்பட்ட நடுவம், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் கரைமேட்டுப்பட்டி என்ற சிற்றூரை முன்னேற்றுவதென ஒருநாள் முடிவெடுத்தது. ஊர் அதற்கு எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

கரைமேட்டுப்பட்டிப் பெண்கள் கீரை பயிரிடுகிறவர்கள். கோடையில் ஆறு வெறும் மணல்; இருப்பது பொதுக் கிணறு ஒன்று. அதைச் சுற்றி ஆளுக்கொரு பாத்தி. இறைப்பதற்கு ஒரு பழைய டீசல் இன்ஜின். அந்த இன்ஜின் இருமும், புகைக்கும், சில காலைகளில் கிளம்பவே மறுக்கும். ஆனால் கிளம்பிவிட்டால் இன்னார் பாத்தி என்று பார்த்துத் தண்ணீர் விடத் தெரியாது. முறை வைத்து எல்லாரும் பாய்ச்சிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருத்தி பாப்பாயி. கணவர் பிச்சமுத்து சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபின், அந்த வீட்டுக்கு நிமிர்ந்து நிற்கும் முதுகெலும்பு அவளுடைய அரைக்கீரைப் பாத்தி ஒன்றுதான். விடியுமுன் அறுத்து, கட்டி, பஸ் ஏறி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதி முனையில் அவள் சாக்கு விரித்தால், காலை உணவு நேரத்துக்குள் சாக்கு காலியாகிவிடும். ஒரு வாரம் அவள் வரவில்லையென்றால் அந்த முனையில் வேறொருத்தி சாக்கு விரித்துவிடுவாள். பாத்தி காய்ந்தால் இடம் போகும். இடம் போனால் அடுப்பு அணையும். பாப்பாயியின் பொருளாதாரம் முழுவதும் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் தேவைப்பட்டது.

கோடை தொடங்கிய நேரத்தில் ஊருக்குள் பந்தல் போட்டார்கள். நடுவில் ஒரு பித்தளைக் குடம். முனைவர் வளவன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தாய்மார்களே! உங்களுக்கு எதையும் கொடுப்பதற்காக நாங்கள் வரவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை உங்களுக்கே அடையாளம் காட்ட வந்திருக்கிறோம்!"

பக்கத்துப் பாத்திக்காரி நசீரா, பாப்பாயியின் காதோரம் குனிந்தாள். "இருக்குறத எடுத்துட்டுப் போகாம இருந்தா சரிக்கா."

"சும்மா இரு புள்ள. டீ குடுப்பாங்களாம்."

"சோழர் காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த இனம் நம் இனம்!" என்று முழங்கினார் வளவன். "அந்த மக்களாட்சியைத்தான் இன்று உங்களிடமே திருப்பித் தருகிறோம். பச்சைச் சீட்டு எடுத்தவர்கள் திட்டத்தின் பயனாளிகள். மஞ்சள் சீட்டு எடுத்தவர்கள் திட்டத்தின் ஒப்பீட்டாளர்கள். இருவரும் சமம். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை!"

ஒவ்வொருத்தியாக எழுந்து போய்க் குடத்துக்குள் கைவிட்டார்கள். நசீராவுக்குப் பச்சை வந்தது. பாப்பாயிக்கு மஞ்சள் வந்தது.

"தம்பி, பச்சைக்கு என்ன கெடைக்கும்?" என்று கள அலுவலர் பிரவீன்ராஜிடம் கேட்டாள் பாப்பாயி.

"சோலார் மோட்டாரு, அக்கா. சொட்டுநீர்க் குழாய். ஒரமும் உண்டு."

"மஞ்சளுக்கு?"

பிரவீன்ராஜ் நல்ல பையன். பொய் சொல்லப் பழகியிராதவன். சற்று யோசித்துச் சொன்னான்: "மஞ்சளுக்குப் பொறுப்பு கெடைக்கும்க்கா."

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் தட்டினார்கள். நடுவம் அந்தக் கைதட்டலைச் 'சமூகத்தின் முழு ஒப்புதல்' எனப் பதிவு செய்துகொண்டது.

மறுவாரம் மோட்டார் வந்தது. அதை இறக்கிய அதே வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றப்பட்டது; அது காற்றை மாசுபடுத்துகிறதாம். கிணற்றின் வாய்க்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். திறந்த கிணறு ஆபத்தானதாம். பச்சைச் சீட்டுப் பாத்திகளுக்கு மட்டும் கறுப்புக் குழாய்கள் ஓடின. பாப்பாயியின் பாத்தி வரை நேராக வந்த குழாய் அங்கே வந்ததும் வளைந்து, பாத்தியைச் சுற்றிக்கொண்டு, அடுத்த பச்சைக்குப் போனது. பாம்புகூட அவ்வளவு விலகிப் போகாது.

"தம்பி, ஒரு ஓட்ட போட்டு விடுங்களேன். கீர துவளுது," என்றாள் பாப்பாயி.

"அக்கா, நீங்கதான் கன்ட்ரோல் குரூப், ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. நீங்க காஞ்சாத்தான் அவங்க பச்சையா இருக்குறதுக்கு அர்த்தம் இருக்கும்."

"முன்னாடி நாங்க ரெண்டு பேருமே பச்சையாத்தானே இருந்தோம்?"

"அதான்க்கா பிரச்சனை. அதுல டேட்டாவே கெடைக்காது."

பாப்பாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்மேல் ஏதோ தவறு இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். இந்த நாட்டில் ஏழைக்குப் புரியாததெல்லாம் ஏழையின் குற்றமாகவே கருதப்படுவது வழக்கம்.

சித்திரை வீதியில் வழக்கமாக வாங்கும் மாமி ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "என்ன பாப்பாயி, கீரை இப்படி வாடிக் கிடக்கு? பெருமாளுக்குத் தளிகை பண்ணணும், இதை எப்படி நறுக்கறது? நாளைக்காவது நன்னா கொண்டு வா. இல்லேன்னா நான் அந்தப் பக்கம் போய்க்கறேன்."

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருத்தி சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நசீரா பாப்பாயியிடம் எதுவும் கேட்கவில்லை. தன் பாத்தியின் குழாய் முனையைக் கழற்றினாள். மண்வெட்டியை எடுத்து வரப்பில் ஒரு வெட்டு வெட்டினாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு மஞ்சள் பாத்திக்குள் புகுந்தது.

"ஏய், திட்டப் போறாங்க!"

"திட்டட்டும்க்கா. நான் தண்ணி பாச்சுறப்ப நீ பாத்துக்கிட்டு நிக்கிற. எனக்குச் சோறு எறங்கல."

சில நாட்களில் பாப்பாயியின் கீரை நிமிர்ந்தது. நடுவம் நிலைகுலைந்தது.

அளவெடுக்க வந்த பிரவீன்ராஜ் பாத்தியைப் பார்த்தான், பதறினான், படம் எடுத்து அனுப்பினான். தில்லை நகரிலிருந்து இரண்டு கார்கள் புறப்பட்டு வந்தன. ஒரு கீரைப் பாத்தி பச்சையாக இருப்பதைப் பார்த்துப் படித்தவர்கள் தலையில் கைவைத்த காட்சி கொள்ளிடக் கரையில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

"கன்டாமினேஷன் ஆகிருச்சு சார்," என்றான் பிரவீன்ராஜ்.

"அப்டின்னா என்ன தம்பி?" என்று கேட்டாள் பாப்பாயி.

அவன் தமிழ் தேடினான். "அதாவதுக்கா... அவங்க தண்ணி உங்க பாத்தியத் தொட்டுருச்சு. தொட்டதுனால ரெண்டு பாத்தியும் கெட்டுப்போச்சு."

பாப்பாயி அவனையே பார்த்தாள். "தீட்டுங்கறீங்களா?"

பிரவீன்ராஜ் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினான்.

"கெணத்துல தண்ணி மொள்ள எங்கப்பன எட்டி நிக்கச் சொன்னாங்க தம்பி. அவங்கல்லாம் படிக்காதவங்க. நீங்க எம்மாந்தூரம் படிச்சிருக்கீங்க!"

அந்தச் சொல்லை ஒழிப்பதற்காக இந்த மண்ணில் எத்தனை மேடைகள் அதிர்ந்தன! எத்தனை துண்டறிக்கைகள் தெருத்தெருவாகப் பறந்தன! கல்லடி பட்டவர் எத்தனை பேர், சிறை சென்றவர் எத்தனை பேர்! விரட்டப்பட்ட தீட்டு எங்கே போனதென்று எண்ணினீர்கள்? வெளிநாட்டுக்குப் போய் மேற்படிப்பு முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, வாழ்வாதார மேம்பாடு என்ற பெயரில் அதே கிணற்றடிக்குத் திரும்பி வந்திருந்தது.

முனைவர் வளவன் முற்போக்காளர். சாதி ஒழிப்பு மாநாட்டில் தலைமையுரை ஆற்றியவர். ஆகவே அவருக்கு அது உறைக்கவில்லை. இரண்டு பாத்திகளுக்கும் நடுவே பள்ளம் தோண்டி, கனத்த பிளாஸ்டிக் தாள் புதைக்க ஆணையிட்டார். பிளாஸ்டிக் ஒழிப்பு நடுவத்தின் இன்னொரு திட்டம். அது வேறு துறை. நசீராவைத் தனியே அழைத்து, இன்னொரு முறை அவள் தண்ணீர் வரப்பைத் தாண்டினால் குழாய் பிடுங்கப்படும் என்று அன்போடு தெரிவித்தார். இருவரும் இனிமேல் சாகுபடி பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது, அறிவும் கசியுமாம்.

"அப்ப வேற என்னத்த சார் பேசுறது?" என்று கேட்டாள் நசீரா.

"குடும்பம், பண்பாடு, பெண்ணுரிமை... எதை வேண்டுமானாலும் பேசலாம்."

பஸ்ஸிலும் அருகருகே உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் பாப்பாயி முன்படியிலும் நசீரா பின்படியிலும் ஏறினார்கள். நடத்துநர் பிலோமின்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லண்ணே, ஆராய்ச்சி," என்றாள் நசீரா.

"அறுத்துப் பாக்குறதா? யாரு செத்தா?"

"இன்னும் சாகல."

இந்த நிலையில்தான் கோடைமழை ஒன்று பெய்தது. மழை குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்ததில்லை. பச்சை மஞ்சள் அறியாது. இரண்டு பக்கமும் பெய்துவிட்டுப் போனது. தில்லை நகரில் அவசரக் கூட்டம் கூடியது. முன்னறிவிப்பற்ற இந்தத் தலையீட்டை எப்படி எதிர்கொள்வது என்று பிற்பகல் முழுவதும் விவாதித்தார்கள். மஞ்சள் பாத்திகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டலாமென ஓர் ஆலோசகர் முன்மொழிந்தார். தார்ப்பாயின் நிழலும் ஒரு பயனாகிவிடுமே என்று இன்னொருவர் மறுத்தார். கடைசியில் மழையைக் கண்டிக்காமல் வருத்தம் மட்டும் தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் வானம் நடுவத்துக்குக் கட்டுப்பட்டு நடந்துகொண்டது. மழை இல்லை.

கீரை இலையில் பழுப்பு ஏறியபோது பாப்பாயி ஒரு முடிவுக்கு வந்தாள். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். நேரில் போய்ச் சொன்னால் கேட்பார்கள். பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, உச்சிவெயிலில் தில்லை நகருக்கு நடந்தே போனாள். மாடிப்படி ஏறியதும் குளிர் வந்து முகத்தில் அறைந்தது. வரவேற்பில் லின்சி என்ற இளம்பெண் இருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. தொண்ட ஒட்டிக்கிச்சு."

லின்சி உடனே தம்ளரை நிரப்பி நீட்டினாள். உள்ளேயிருந்து வந்த பிரவீன்ராஜ் வாய் தவறிச் சொல்லிவிட்டான்: "லின்சி, அவங்க யெல்லோ!"

தம்ளர் அந்தரத்தில் நின்றது.

"குடிக்கிற தண்ணிதானே அண்ணா?"

"இருந்தாலும் ஆபீஸ் தண்ணி. சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்."

கேட்டார்கள். முனைவர் வளவன் கண்ணை மூடிச் சிந்தித்தார். மஞ்சள் பிரிவினருக்கு நடுவம் வழங்கும் எதுவும் முடிவுகளைப் பாதிக்கக்கூடும். ஆனால் தாகம் என்பது மனித உரிமை. இரண்டையும் சமன்செய்து தீர்ப்பு வழங்கினார். கீழே பேக்கரியில் அந்த அம்மாவே காசு கொடுத்துக் குடித்துக்கொள்ளலாம். அதற்கு நடுவம் எந்தத் தடையும் சொல்லாது.

பாப்பாயி கீழே போகவில்லை. வறண்ட தொண்டையோடு அவர் எதிரில் போய் நின்றாள்.

"சார், பாத்தி சாகப் போவுது. எனக்குக் கொழாயும் வேணாம், ஒரமும் வேணாம். கெணத்து மூடியத் தொறந்து விடுங்க, கொடத்துல மொண்டு ஊத்திக்கிறேன். இல்ல, எங்க பழைய இன்ஜினக் குடுத்துருங்க."

"அம்மா, உட்காருங்கள்," என்றார் வளவன். அவர் குரலில் கனிவு ததும்பியது. "உங்கள் வலி எனக்குப் புரிகிறது. புரிவது மட்டுமல்ல, உங்கள் வலியைப் பற்றி நான் ஜெனீவாவில் பேசப்போகிறேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். உங்கள் பாத்தியும் செழித்துவிட்டால் எங்கள் உதவிக்கு என்ன பொருள்? நாங்கள் வராமலிருந்தாலும் நீங்கள் நன்றாகவே இருந்திருப்பீர்கள் என்றல்லவா உலகம் நினைத்துவிடும்!"

"நெசமும் அதானே சார்?"

"அதைத்தான் யாரும் நிரூபித்துவிடக் கூடாது. உங்கள் வாட்டம் வீண் போகாது, அம்மா. நாளைக்கு உலகின் ஏதோவொரு மூலையில் ஒரு பெண் கீரை பயிரிடும்போது, அவளுக்குப் பின்னால் நீங்கள் இருப்பீர்கள்."

"எதுவரைக்கும் வாடணும் சார்?"

"நிரூபணம் ஆகும்வரை."

"என்ன நிரூபணம்?"

முனைவர் வளவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாள் உழைப்பின் பெருமிதம் அவர் முகத்தில் ஒளிவிட்டது.

"தண்ணீர் ஊற்றினால் கீரை வளரும் என்பது."

பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் ஊர் திரும்பிய சில நாளில் பாத்தி இறந்தது. வேரோடு பிடுங்கினால் கையோடு தூளாக வந்தது. அதன் நடுவே உட்கார்ந்து, மறுநாள் சித்திரை வீதிக்கு எதைக் கொண்டு போவதென்று தெரியாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நசீரா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அக்கா, என்னத்தத் தாண்டக் கூடாதுன்னு சொன்னாரு அவரு?"

"தண்ணி."

"ஆளு தாண்டக் கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்ல..."

"அப்ப எந்திரிச்சு வா. என் பாத்தியில பாதி ஒனக்கு. வெளஞ்சு நிக்கிறத அறுத்துக்க, பொறவு வெதச்சுக்க. தெரு முனை எடத்த விட்றாத. போனா வராது."

"ஒனக்கு எப்புடி புள்ள பத்தும்?"

"பத்தாதுதான். பத்தாம ரெண்டு பேரும் இருப்போம். வா."

பாப்பாயி பள்ளத்தைத் தாண்டினாள். பிளாஸ்டிக் தாள் அதற்கு எந்த எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை.

மறுநாள் காலை சித்திரை வீதி முனையில் அவள் சாக்கு விரிந்தது. பாதிச் சாக்கு, ஆனாலும் விரிந்தது. இதைப் பார்த்த இன்னொரு பச்சை, இன்னொரு மஞ்சளைக் கூப்பிட்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் கூப்பிட்டாள். யாரும் கூட்டம் போடவில்லை, கருத்துக் கேட்கவில்லை, குழு அமைக்கவில்லை. மஞ்சள் நிலம் முழுவதும் காலியானது. பச்சை நிலம் முழுவதும் பெண்களாக நிரம்பியது.

இது எதுவும் தெரியாமல் நிதி வழங்கும் அறக்கட்டளையின் பிரதிநிதி கனிஷ்கா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். முனைவர் வளவன் குடை பிடித்து அழைத்து வந்தார். பிரவீன்ராஜ் முன்னே ஓடினான். ஓடிய வேகத்தில் நின்றான்.

பள்ளத்துக்கு இடப்பக்கம் வறண்டு வெடித்த பாத்திகள், ஆளே இல்லாமல். வலப்பக்கம் புதிதாகத் தொடங்கிய மாலை வியாபாரத்துக்குக் கீரை அறுக்கும் பெண்கள், தோளோடு தோள் இடிக்க.

"சூப்பர்! இதுல பெனிஃபிஷியரி யாரு, கன்ட்ரோல் யாரு?" என்று கேட்டார் கனிஷ்கா.

வளவன் தொண்டையைச் செருமினார். "தாய்மார்களே! மஞ்சள் சீட்டுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் பார்ப்போம்."

அரிவாள்கள் கீரையை அறுக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஒரு தலையும் நிமிரவில்லை.

"பாப்பாயி அம்மா! நீங்கள் மஞ்சள்தானே?"

"தெரியல சார். சீட்டத் தொலச்சுட்டேன்."

"நசீரா, நீங்களாவது சொல்லுங்கள்."

"இங்க எல்லாம் கீரக்காரிங்கதான் சார்."

"குழாயைப் பிடுங்கிவிடுவேன்!" என்றார் வளவன், கனிவு கழன்ற குரலில்.

நசீரா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கனிஷ்காவைப் பார்த்தாள். "பிடுங்கச் சொல்லுங்க மேடம். நீங்க வந்திருக்கிறப்பவே பிடுங்கட்டும். போட்டோ எடுத்துக்கங்க."

பிடுங்க யாரும் முன்வரவில்லை. பிரவீன்ராஜ் தன் காலணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கனிஷ்காவின் கவலையோ வேறாக இருந்தது. அவர் கேமராவை உயர்த்தினார், இறக்கினார், நெற்றியைச் சுருக்கினார்.

"டாக்டர், ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான் ஃப்ரேம் நல்லா வரும். அந்தப் பக்கம் ஒருத்தராவது நிக்கணுமே. போர்டுக்கு இன்னிக்கே அனுப்பணும்."

"நீங்களே நில்லுங்க சார்," என்றாள் பாப்பாயி, கட்டிய கீரையைக் கூடையில் அடுக்கியபடி. "ஒப்பிட்டுப் பாக்க ஆள் வேணுமில்ல?"

"வாவ், கரெக்ட்! ஒரு நிமிஷம் டாக்டர், ப்ளீஸ். குடை வேண்டாம், நிழல் விழுது."

நிதி கொடுப்பவர் கேட்டு மறுக்கும் வழக்கம் நடுவத்தின் வரலாற்றில் இல்லை. முனைவர் வளவன் குடையைப் பிரவீன்ராஜிடம் கொடுத்தார். கதர்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினார். வெடித்த மண்ணில் கால் ஊன்றி, வைகாசிச் சூரியனுக்கு நேராக நின்றார்.

பெண்கள் கூடைகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

"கொஞ்சம் பின்னாடி டாக்டர்... இன்னும் கொஞ்சம்... சிரிக்காதீங்க, கன்ட்ரோல் குரூப் மாதிரி இருக்கணும். கொஞ்சம் வாடின மாதிரி."

அதற்கு அவர் எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வெயில் பார்த்துக்கொண்டது.